கடைசியில் ஓடுபவனின் பெயர்

எனக்கு ஒரு விசர் இருக்கிறது. போர்முலா வண் காரோட்டப் போட்டி. ஒஸ்லோவில் யாராவது ஞாயிற்றுக்கிழமையில் கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று அழைத்தால், "ஓம், வாறம்" என்று சொல்வதற்கு முன் நான் பார்ப்பது அந்த வருடத்துப் போட்டி அட்டவணையைத்தான். "இருபது பேர் திரும்பத் திரும்ப ஒரே றோட்டில ஓடுறதைப் பார்க்கிறதில உங்களுக்கு என்னப்பா கிடைக்குது?" என்று மனைவி முப்பது வருடமாகக் கேட்கிறார். முப்பது வருடமாக நானும் பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு நான் எழுத வந்தது போட்டியைப்பற்றி அல்ல. அதை எங்களுக்குக் காட்டுகிறவர்களைப்பற்றி. அவர்களோடு எனக்கு நெடுநாட் கோபம் ஒன்று இருந்தது. போன வருடம் யூலை மாதம் ஒரு கிழவர் அந்தக் கோபத்தை என் பக்கமே திருப்பிவிட்டார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஊருக்குப் போகவேண்டும்.

எங்கட ஊரில் சவாரி என்றால் மாட்டுவண்டில் சவாரி. சிரித்திரன் சுந்தரின் சவாரித்தம்பரை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் காலம். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிக்கொண்டு போவார். புழுதி, சனம், கச்சான் கொட்டை, சர்பத். திடலின் ஓரத்தில் இருந்த பூவரசு மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அதன் கீழே ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பகலில் எங்கோ ஒரு பாடசாலையில் வாத்தியார். சவாரியன்று அவர்தான் எங்களுக்கு வானொலி, தொலைக்காட்சி எல்லாம்.

அந்த மனிதனின் விளக்கம் இப்போதும் என் காதில் இருக்கிறது. வண்டிலின் பெயர் மட்டும் சொல்லமாட்டார். எந்த ஊர், யாருடைய மாடு, வலது பக்கத்து மாட்டின் பெயர் என்ன, இடது பக்கத்து மாட்டை யாரிடம் வாங்கினார், ஓட்டுகிறவரின் தகப்பன் எந்தக் காலத்தில் எந்தத் திடலில் வென்றார், எல்லாம் வரும். வென்ற வண்டில் எல்லைக்கோட்டைக் கடந்த பிறகும் அவர் நிறுத்தமாட்டார். "பொறுங்கோ, பொறுங்கோ, இன்னொருத்தர் வந்துகொண்டிருக்கிறார். அவற்றை இடத்து மாட்டுக்கு முந்தநாள் காய்ச்சல். எண்டாலும் வந்தவர். கையைத் தட்டுங்கோ" என்பார். சனம் சிரித்துக்கொண்டே கைதட்டும். கடைசியாக வந்தவரும் சிரித்துக்கொண்டே வருவார்.

எல்லாச் சவாரியிலும் எல்லா அறிவிப்பாளரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கட வாத்தியார் அப்படி. ஓட்டப்போட்டியை விவரிப்பது என்றால் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டேன். அது என் பிழை.

1980களின் கடைசியில் நோர்வே வந்தேன். முதலில் வடக்கில் மீன் தொழிற்சாலை. பிறகு பலரைப்போல ஒஸ்லோ. குறூருட் பள்ளத்தாக்கில் நான்கு பெடியள் சேர்ந்து எடுத்த ஒரு வீடு. அதில் ஒருவன் எங்கேயோ மலிவாக வாங்கிய பழைய தொலைக்காட்சிப்பெட்டி. கேபிளில் வந்த ஒரு சனலில் காரோட்டம் காட்டினார்கள். மொழி அரைகுறையாக விளங்கிய காலத்தில், மொழி இல்லாமலே விளங்கிய ஒரே நிகழ்ச்சி அதுதான். முன்னுக்கு ஓடுறவன் முன்னுக்கு. பின்னுக்கு ஓடுறவன் பின்னுக்கு. இலக்கண வகுப்புத் தேவையில்லை.

1994ம் ஆண்டு மே மாதம் 1ம் திகதி. ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியில் இமோலா. அயர்டன் சென்னா சுவரில் மோதியதை அந்தப் பெட்டியில்தான் பார்த்தோம். மேலே உலங்குவானூர்தியில் இருந்து எடுத்த படம். அசையாத மஞ்சள் தலைக்கவசம். சாவை நேரில் பார்த்துவிட்டு வந்த நான்கு பேர், தொலைக்காட்சியில் ஒரு சாவைப் பார்த்துக்கொண்டு பேச்சில்லாமல் இருந்தோம். அடுத்த நாட்களில் எந்தச் சனலைத் திருப்பினாலும் சென்னா. பிறேசிலில் மூன்று நாள் துக்கம். சாவ் பாவுலோ நகரத்துத் தெருவெல்லாம் சனம்.

அதற்கு முதல் நாள், அதே இமோலாவில், தகுதிச் சுற்றில் இன்னொருவன் செத்திருந்தான். றோலண்ட் றட்சன்பேர்கர். ஒஸ்திரியாக்காரன். வயது 33. சிம்ரெக் என்ற, அந்த வருடந்தான் தொடங்கிய ஒரு சின்ன அணி. அதுவரை ஒரேயொரு போட்டியில் மட்டும் ஓடியவன். அவனைப்பற்றி நான் ஒழுங்காக அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகு. போட்டி முடிந்ததும் காட்டுவதற்காகச் சென்னா தன்னுடைய காருக்குள் ஒஸ்திரியக் கொடி ஒன்றை மடித்து வைத்திருந்தான் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். உலகக் காரோட்டச் சம்மேளனத்தின் தலைவர் மக்ஸ் மோஸ்லி, எல்லோரும் சென்னாவின் இறுதிச்சடங்குக்குப் போகிறார்கள் என்பதால் தான் சால்ஸ்பேர்க் நகரத்துக்கு, றட்சன்பேர்கரின் இறுதிச்சடங்குக்குப் போனார். அந்த மனிதரைப்பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். இந்த ஒன்றுக்காக எனக்கு அவரில் ஒரு மரியாதை.

அதற்குப் பிறகுதான் நான் பின்னுக்கு ஓடுறவர்களைத் தேடத் தொடங்கினேன்.

தேடுவது இலேசல்ல. போர்முலா வண்ணில் உலகம் முழுக்கப் போவது ஒரே படம். முன்னர் பல நாடுகளில் அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சியே அதை எடுத்து மற்ற நாடுகளுக்கு அனுப்பியது. பிறகு போர்முலா வண் நிர்வாகமே தன் கமராக்களோடும் ஆட்களோடும் போய் எடுக்கத் தொடங்கியது. மொனாக்கோ மட்டும் 2022 வரை உள்ளூர்க்காரரின் கையில் இருந்தது. 2021ல் மொனாக்கோவில் செபஸ்தியான் வெற்றலும் பியேர் காஸ்லியும் மேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டிருந்த நேரம், லான்ஸ் ஸ்ட்றோல் வேறெங்கேயோ ஒரு கட்டில் ஏறி இறங்கியதைத் திரும்பக் காட்டினார்கள். உலகம் முழுக்க இரசிகர்கள் தலையில் கைவைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய ஆள் ஓடிய காலம் முழுக்க எனக்கு அதுதானே நடந்தது.

என்னுடைய ஆள் யாரென்று கேட்கிறீர்களா? நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரன். போர்முலா வண்ணில் ஓடிய முதல் இந்தியன். 2005 மார்ச் 6ம் திகதி, மெல்பேர்ண். இங்கே அதிகாலை. பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள் என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, போர்வைக்குள் இருந்து பார்த்தேன். மஞ்சள் நிற ஜோர்டான் கார். 15வதாக முடித்தான். அவன் திரையில் வந்த நேரம் முழுவதையும் கூட்டினாலும் ஒரு தேத்தண்ணி ஊற்றும் நேரம்தான் வரும். வந்தபோதெல்லாம் நீலக்கொடியோடுதான் வந்தான்.

நீலக்கொடி தெரியாதவர்களுக்கு: முன்னுக்கு ஓடுறவன் ஒரு சுற்று முழுவதும் முந்திவந்து உன்னுடைய பின்பக்கத்தில் நிற்கிறான், வழிவிடு என்று அர்த்தம். விடாவிட்டால் தண்டனை. கமரா முன்னுக்கு ஓடுறவனோடு வரும். பின்னுக்கு ஓடுறவன் அந்தப் படத்துக்குள் ஒரு தடையாக வருவான். விலகுவான். படத்தை விட்டுப் போய்விடுவான். அவன் அன்றைக்கு எவ்வளவு நன்றாக ஓடினான், பக்கத்து அணிக்காரனோடு பதினைந்து சுற்றாக என்ன சண்டை பிடித்தான் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஒருவனுக்கு இடைஞ்சலாக இருந்த அந்த நாலு செக்கன்தான் அவனுடைய சரித்திரம்.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. சின்ன அணி வாழ்வது விளம்பரக்காரனின் காசில். விளம்பரக்காரன் கேட்பது, என் பெயர் திரையில் எவ்வளவு நேரம் தெரிந்தது என்று. மெதுவாக ஓடினால் கமரா வராது. கமரா வராவிட்டால் காசு வராது. காசு வராவிட்டால் இன்னும் மெதுவாக ஓடவேண்டும். நரேன் பிறகு ஓடிய எச்.ஆர்.ரி. அணி 2012 முடிவில் மூடுப்பட்டது. கேற்றர்ஹாம் 2014ல். மானர் 2017 தொடக்கத்தில். மூன்றும் 2010ல் புதிதாக வந்த அணிகளின் வாரிசுகள். ஒன்றும் மிஞ்சவில்லை.

2005 யூன் 19, இண்டியானபொலிஸ். அது நரேனின் நாள், அவமானமான நாளும் கூட. மிச்சலின் ரயர் அந்தத் திடலில் தாங்காது என்று, அந்த ரயர் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று ஓடிவிட்டு உள்ளே போய்விட்டன. மிஞ்சியது ஆறு கார். இரண்டு பெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. சனம் கத்தியது, போத்தல் எறிந்தது. நரேன் நாலாவது. ஐந்து புள்ளி. நான் வீட்டுக்குள் துள்ளினேன்.

போட்டி முடியமுதலே நண்பன் ஒருவன் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், ஆறு பேர் ஓடினதில நாலாவது. இதுக்கே துள்ளுறாய்?"

"மற்றவங்கள் ஓடேல்லை. இவன் ஓடினவன்."

"அவன் இந்தியாக்காரனடா. உனக்கும் அவனுக்கும் என்ன?"

"எங்கட பாஷை கதைக்கிறவன்."

"அப்ப கதைச்சுப் பாரன்" என்றுவிட்டு வைத்துவிட்டான்.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாட்டுத் தொலைக்காட்சியும் தன் வீட்டுப் பிள்ளையைத்தான் தேடும். அது பிழையுமல்ல. 2003ல் பெற்றர் சூல்பேர்க் உலக றலி வீரனானபோது, அதுவும் ஒரேயொரு புள்ளியால், என் வேலைத்தலத்தில் கார் ஓடத்தெரியாத மனிசிமாரும் கண்கலங்கினார்கள். நானும் கைதட்டினேன். போர்முலா வண்ணில் இதுவரை ஒரு நோர்வேக்காரனும் ஓடியதில்லை. ஆனபடியால் இங்கத்தைய அறிவிப்பாளர்களுக்கு அங்கே வீட்டுப்பிள்ளை இல்லை. வென்றவனோடு போய்விடுவார்கள். கார்த்திகேயன் என்ற பெயரை ஒருவர் மூன்று விதமாக உச்சரித்து, கடைசியில் "ஜோர்டான்காரன்" என்று முடித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. பிழை சொல்லமாட்டேன். என்னுடைய பெயரையும் வேலைத்தலத்தில் இரண்டு எழுத்தாக்கி எத்தனையோ வருடம்.

2009ம் ஆண்டுப் போட்டிகளைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்னர் வாசித்ததுதான். ஹொண்டா கைவிட்ட அணியை றொஸ் பிறோன் ஒரு பவுணுக்கு வாங்கினார், ஜென்சன் பட்டன் உலகவீரனானான், அற்புதமான கதை என்கிறார்கள். அந்த வசந்தகாலத்தில் நான் தொலைக்காட்சியில் பார்த்தது வேறு. பார்க்காத நேரத்தில் ஒஸ்லோ நாடாளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் நின்றேன். கமராக்கள் வந்தன, போயின. ஏப்ரல் 12ம் திகதி இங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் கண்ணாடிகளை எங்களில் சிலர் உடைத்த அன்று, எங்களைப் பார்க்காதவர்களும் பார்த்தார்கள். உடைத்தது சரியென்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நாள் வேலைத்தலத்தில் எல்லோரும் என்னிடம் கேட்டது கண்ணாடியைப்பற்றித்தான். அன்றைக்கு எனக்கு நீலக்கொடிதான் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் இதைப்பற்றி இங்கே வேண்டாம்.

2012 மார்ச் 25, மலேசியா. நரேன் எச்.ஆர்.ரி. காரில் வரிசையின் பின்பகுதியில் நின்றான். வானம் கறுத்திருந்ததைப் பார்த்து, கன மழைக்குரிய ரயரைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். மழை கொட்டியது. மற்றவர்கள் எல்லாம் ரயர் மாற்ற உள்ளே போக, இவன் போகத் தேவையில்லை. போட்டியைச் சிவப்புக்கொடி காட்டி நிறுத்தியபோது பெயர்ப்பட்டியலில் பத்தாவது நரேன். அந்தக் காரில் பத்தாவது! நான் தொலைக்காட்சித் திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தேன். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் ரீவீயை ஏன் படமெடுக்கிறீங்கள்?" என்றாள். அது எப்படி நடந்தது என்று அறிவிப்பாளர்கள் விளக்குவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு வசனம் வந்தது. பிறகு மழை, குடை, முன்வரிசைக்காரர்.

பிறகு அவனைக் காட்டினார்கள். பட்டன் அவனோடு இடித்தபோது ஒருதரம். கடைசிச் சுற்றுக்களில் வெற்றலின் ரயர் அவனுடைய காரில் பட்டுக் கிழிந்தபோது பலதரம். முன்னாலிருந்து, மேலிருந்து, மெதுவாக்கி. வெற்றல் பிறகு ஜேர்மன் மொழியில் அவனை வெள்ளரிக்காய் என்றான். அவர்களுடைய மொழியில் அது ஓடத் தெரியாதவனுக்குச் சொல்வது. நரேனும் சும்மா இருக்கவில்லை, வெற்றலை அழுகிற பிள்ளை என்றான். நரேனுக்குத்தான் 20 செக்கன் தண்டனை கிடைத்தது. அடுத்த நாள் வேலைக்குப் போனால், காரோட்டமே பார்க்காத ஒருவன் என்னைக் கண்டு, "உன்ர வெள்ளரிக்காய் எப்பிடி?" என்று சிரித்தான். பத்தாவதாக ஓடியது அவனுக்குத் தெரியாது. எனக்கும் ஒரு மங்கலான படத்தைத் தவிர வேறு சாட்சியில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவர்கள் செய்த நல்லதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் அல்ல. 2020 நவம்பர் 29, பஹ்ரேனில் றொமான் குறோஜானின் கார் வேலியைத் துளைத்து இரண்டாக முறிந்து தீப்பற்றியது. 28 செக்கன் நெருப்புக்குள் இருந்தான். அவன் உயிரோடு வெளியே வந்ததைக் காட்டும்வரை அந்த மோதலை அவர்கள் திரும்பக் காட்டவில்லை. அந்த நிமிடங்களில் நான் என்னையறியாமல் எழும்பி நின்றேன். 1994க்குப் பிறகு எதையோ படித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவன் தப்பிவிட்டான் என்று தெரிந்ததும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். டானியல் றிக்கார்டோ அதைக் கண்டித்துக் கோபமாகப் பேசினான். அடுத்து ஓடப்போகிறவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? முதற்பாதியில் நான் இயக்குநரின் பக்கம். பிற்பாதியில் றிக்கார்டோவின் பக்கம்.

2019ல் நெற்பிளிக்ஸ் தொடர் வந்தது. முதல் வருடம் மேர்சிடிஸும் பெராரியும் உள்ளே விடாததால், கமராக்காரர் பின்னணி அணிகளிடம் போனார்கள். ஹாஸ் அணியின் குந்தர் ஸ்ரைனர் உலகப் புகழ் பெற்றார். பின்னுக்கு ஓடுறவர்களிடமும் கதை இருக்கிறது என்பது அப்போதுதான் சனத்துக்குத் தெரிந்தது. இல்லாத சண்டைகளைக் கூட்டி ஒட்டுகிறார்கள் என்று மக்ஸ் வெர்ஸ்தப்பன் சிலகாலம் பேட்டி கொடுக்க மறுத்ததும் நியாயம்தான். நரேனுக்குப் பிறகு வந்த சென்னைக்காரன் கருண் சந்தோக்கும் இப்போது இங்கிலாந்தில் ஸ்கை தொலைக்காட்சியில் விளக்கம் சொல்கிறான். 2010ல் மொனாக்கோவில் யார்னோ துருல்லியின் கார் அவனுடைய தலைக்கு மேலால் ஏறிப் போனபோதுதான் அவனை உலகம் பார்த்தது. பின்னுக்கு ஓடிய ஒருவன் கையில் இப்போது ஒலிவாங்கி இருப்பது எனக்குச் சந்தோஷம்.

இனி அந்தக் கிழவருக்கு வருகிறேன்.

நான் வேலை செய்வது ஒஸ்லோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். பெயர் வேண்டாம். அங்கே இருக்கிற ஒருவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இளமையில் மெக்கானிக்காக இருந்தவர். 1970களில் சுவீடனில் அண்டர்ஸ்ரோர்ப் திடலில் போர்முலா வண் நடந்தபோது காரில் படுத்துறங்கிப் பார்த்தவர். 1976ல் ஆறு சில்லு வைத்த ரிறெல் கார் வென்றதை நேரில் கண்டதாகச் சொல்லுவார். சில்லை எண்ணிக் காட்டும்போது இப்போதும் விரல் துள்ளும். 1978ல் மொன்சாவில் நடந்த விபத்தில் றொனி பீற்றர்சன் செத்ததைச் சொல்லும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகிற நோய். பார்க்கிற இடத்தின் நடுவில் இருப்பது தெரியாது. ஓரங்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். இங்கே இப்போது காரோட்டம் மாதக்காசு கட்டினால்தான் பார்க்கலாம். மகள் தன் செலவில் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவருக்கு நோர்வே அறிவிப்பாளர்களின் வேகம் பிடிபடுவதில்லை. பார்க்கிறவனுக்குச் சொல்வதுபோலத்தான் அவர்கள் சொல்கிறார்கள். திரையில் தெரிவதைச் சொல்லத் தேவையில்லை என்பது அவர்களின் எண்ணம்.

போன வருடம், 2025 யூலை 6, சில்வர்ஸ்ரோன். எனக்கு ஞாயிறு மாலை வேலை. இடையில் கிடைத்த நேரங்களில் அவருடைய அறைக்குப் போய் இருந்தேன். "சத்தத்தை நிற்பாட்டு. நீ சொல்லு" என்றார். நோர்வேயில் பிரதமரையும் "நீ" என்றுதான் கதைப்பார்கள், மரியாதைக் குறைவல்ல.

என்னுடைய வாழ்க்கையில் முதற்தடவையாக ஒலிவாங்கி என் கையில். முப்பது வருடமாகக் குறை சொன்னவன். சொல்லத் தொடங்கினேன். மழை. வெர்ஸ்தப்பன் முன்னுக்கு. பிறகு பியாஸ்திரி. நொறிஸ். பாதுகாப்புக் கார் வந்துவிட்டது. வெர்ஸ்தப்பன் சுழன்றுவிட்டான். மூச்சு வாங்கச் சொன்னேன். என் நோர்வேஜிய மொழி இவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்கே தெரியாது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

திடீரென்று, "பின்னுக்கு யார்?" என்றார்.

"பின்னுக்கு ஒன்றுமில்லை" என்றேன்.

வாயில் இருந்து வந்தபிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"ஒன்றுமில்லையா? கார் ஒன்றும் இல்லையா?"

"இல்லை, இருக்கிறது. முக்கியமாக ஒன்றுமில்லை என்றேன்."

"தொடங்கும்போது கடைசியில் நின்றவர்கள் யார் யார்? அவர்கள் இப்போது எங்கே?" என்றார்.

பட்டியலைப் பார்த்தேன். 19வதாகத் தொடங்கிய நீக்கோ ஹுல்கன்பேர்க்கைக் கீழே தேடினேன். இல்லை. உடைந்துவிட்டான் ஆக்கும் என்று நினைத்தேன். மேலே வந்தால் நாலாவது! பெயர் அரை மணித்தியாலமாக என் கண்ணுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒருதரமும் சொல்லவில்லை. சௌபர் அணி. பதினைந்து வருடமாக, 238 போட்டி ஓடி ஒருநாளும் முதல் மூன்றுக்குள் வராத மனிதன். அப்படி வராமலே அதிக போட்டி ஓடியவன் என்ற சாதனை அவனிடம்தான் இருந்தது.

அதைச் சொன்னேன். கிழவர் நிமிர்ந்து இருந்தார். "இனி அவனை மட்டும் சொல்லு."

அதன்பிறகு நான் அவனை மட்டும்தான் சொன்னேன். ஸ்ட்றோலை முந்தினான். மூன்றாவது. பின்னால் ஹமில்ட்டன், அதுவும் சொந்த நாட்டுச் சனத்துக்கு முன்னால். கடைசியில் ரயர் மாற்ற எப்போது போகிறான், எப்படித் திரும்பி வருகிறான் என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். தொண்டை அடைத்தது. நொறிஸ் வென்றான். பியாஸ்திரி இரண்டாவது. 239வது போட்டியில் ஹுல்கன்பேர்க் மூன்றாவது. பக்கத்து அறையில் இருந்த தொண்ணூற்றிரண்டு வயது அம்மா சுவரில் தட்டினார். சக ஊழியர் ஓடிவந்து யாராவது விழுந்துவிட்டார்களா என்று பார்த்தார்.

நான் தொலைக்காட்சியை நிற்பாட்டக் கையை நீட்டினேன்.

"பொறு. கடைசியாக வந்தது யார்?"

"சுனோடா. யப்பான்காரன். 15வது. வெர்ஸ்தப்பனின் அதே அணிதான்."

"வந்துவிட்டானா?"

"வந்துவிட்டான்."

"அப்ப சரி. இனி நிற்பாட்டு" என்றார்.

அன்றிரவு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கணக்குப் பார்த்தேன். அந்தச் சனலின் அறிவிப்பாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனைக் காட்டிலும் நான் மோசம். அவனுக்கு நேரமில்லை, விளம்பரம் இருக்கிறது, காதுக்குள் இயக்குநர் கத்துகிறார், காட்டுகிற படத்தையும் அவன் தெரிவு செய்வதில்லை. எனக்கு இயக்குநர் இல்லை. ஒரேயொரு கிழவர். என்றாலும் என் கண் தானாக முன்னுக்கு ஓடுறவனிடம் போனது. பின்னுக்கு ஓடுறவனைப் பார்க்கவேண்டும் என்றால், யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் போல. இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தவன் நான் என்று நினைத்திருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு இப்பதானே தெரியும்? வீட்டில தேத்தண்ணி கொண்டுவந்து தந்தது ஆர் எண்டு ஒருநாளும் திரும்பிப் பார்க்கேல்லை" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இப்போது போட்டி நாட்களில் எனக்கு வேலை என்றால், தொடங்கமுதல் கிழவரின் அறையில் வரிசையை வாசிக்கிறேன். கீழே இருந்து. கடைசியில் நிற்பவனின் பெயர், ஊர், எந்த அணி, போன போட்டியில் என்ன நடந்தது, இந்தக் கிழமை காரில் என்ன கோளாறு. பெயர்களைப் பிழையில்லாமல் உச்சரிக்க முதல்நாளே பழகிக்கொண்டு போகிறேன். முதலாவதாக நிற்பவனுக்கு வரும்போது சிலவேளை கார்கள் கிளம்பிவிடும்.

"பரவாயில்லை" என்பார் கிழவர். "அவனை அவர்கள் காட்டுவார்கள்."